ஸ்கார்பரோ வெடிமருந்து ஆலைப் பெண்களை வைத்து ஒரு கதை: காதல் பகுதியில் மாட்டிக்கொண்டேன்

மாலைப்பேனா:

எல்லோருக்கும் வணக்கம். டொரொண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில், எக்ளின்டன் தெருவுக்குத் தெற்கே, வார்டனுக்கும் பர்ச்மவுன்டுக்கும் நடுவில், இப்போது கடைகளும் பண்டகசாலைகளும் நிற்கிற இடத்தில் இரண்டாம் உலகப் போரின்போது ஒரு பெரிய வெடிமருந்து ஆலை இருந்தது. தினமும் அந்த வழியாகப் போய்வருகிற நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. ஜெனரல் இன்ஜினியரிங் கம்பெனி நடத்தியதால் சுருக்கமாக ஜீக்கோ என்று சொல்வார்கள். 1941இல் தொடங்கிப் போர் முடியும்வரை அங்கே வேலை பார்த்தவர்கள் மொத்தம் 21,000 பேருக்கு மேல், அதில் பெரும்பாலானோர் பெண்கள். குண்டுகளை வெடிக்கவைக்கும் ஃபியூஸ், டெட்டனேட்டர், குண்டு போகும் பாதையை ஒளியாகக் காட்டும் டிரேசர் போன்றவற்றில் மருந்து நிரப்புவதுதான் வேலை, 25 கோடி உருப்படிக்கு மேல் நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

இதை வைத்து ஒரு குறுநாவல் எழுத ஆசை. மூன்று பெண்கள். ஒருத்தி சஸ்காச்சுவான் பக்கம் கோதுமை விவசாயி மகள், வேலைக்காக ரயிலேறி வந்தவள். இன்னொருத்தி டொரொண்டோவிலேயே வளர்ந்தவள், அவளுடைய காதலன் ராணுவத்தில் சேர்ந்து இங்கிலாந்துக்குப் போய்விட்டான். மூன்றாவது பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள், கணவன் 1939 கடைசியிலேயே கப்பலேறியவன். ஆலைக்குள் என்ன செய்தார்கள் என்பது ஓரளவு கிடைக்கிறது. ஆனால் அவர்கள் எப்படிப் பழகினார்கள், யாரை எங்கே சந்தித்தார்கள், காதல் என்று ஒன்று வந்தால் அதற்கு எதெல்லாம் தடை என்பதில்தான் நான் எழுதுவதெல்லாம் சினிமா மாதிரி வருகிறது.

இப்போதைக்கு என் திட்டம் இதுதான். நகரத்துப் பெண் மேசையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது மேற்பார்வையாளர் தந்தியைக் கொண்டுவந்து கொடுக்கிறார், அவள் சரிந்து விழுகிறாள், தோழிகள் தாங்கிக்கொள்கிறார்கள். அப்புறம் மூவரும் மேசையோரமாகவே சிகரெட் பிடித்தபடி பேசுகிற ஒரு காட்சி. கடைசியில் ஆலையில் பெரிய வெடிவிபத்து. இதில் எது ஒட்டும், எது ஒட்டாது? தயவுசெய்து தயங்காமல் சொல்லுங்கள்.

நூலகப்பூனை:

தயங்காமல் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன், மூன்று காட்சியுமே ஒட்டாது. ஆனால் ஒவ்வொன்றும் ஏன் ஒட்டாது என்று பார்த்தால் அதைவிட நல்ல காட்சி உங்களுக்குக் கிடைக்கும்.

முதலில் சிகரெட். நீங்கள் அநேகமாக அந்தப் புகழ்பெற்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள், தலையில் துணி கட்டிய பெண் ஒருத்தி பிரென் இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் உட்கார்ந்து புகை விடுவது. அவர் வெரோனிகா ஃபாஸ்டர், டொரொண்டோவின் ஜான் இங்லிஸ் ஆலையில் வேலை பார்த்தவர், அந்தப் படங்கள் 1941இல் அரசுப் பிரசாரத்துக்காக எடுக்கப்பட்டவை. (போருக்குப் பிறகு இசைக்குழுவில் பாடகியாகப் போனார், அது ஒரு தனிக் கதை.) ஆனால் அது துப்பாக்கி செய்யும் இடம், உங்களுடையது வெடிமருந்து நிரப்பும் இடம். இங்கே ஒரு தீக்குச்சி சட்டைப்பையில் தங்கிவிட்டாலே பெரும் குற்றம். இதே மாதிரி பிரிட்டிஷ் ஆலைகளில் சிகரெட்டோடு பிடிபட்ட பெண்களை நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள்.

ஆலை இரண்டு பகுதியாக இருக்கும், அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம். அழுக்குப் பக்கம் என்றால் வெளியிலிருந்து வரும் பக்கம், அவ்வளவுதான். அங்கே சொந்த உடுப்பைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு, தடுப்பைத் தாண்டி வெள்ளைச் சீருடை, தலைத்துணி, ஆணியில்லாத செருப்பு போட்டுக்கொண்டு சுத்தப் பக்கம் போக வேண்டும். ஹேர்பின் கூடாது, தோடு கூடாது, சங்கிலி கூடாது. சில ஆலைகளில் பட்டு உள்ளாடைகூடக் கூடாது, உராய்வில் மின்பொறி வந்துவிடும் என்று. கல்யாண மோதிரத்தைக் கழற்ற மாட்டேன் என்று நிற்கிறவர்களுக்குப் பிரிட்டிஷ் ஆலைகளில் அதன்மேல் டேப் சுற்றி விட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால் காதல் கதைக்கு இதைவிட நல்ல அரங்கம் கிடைக்காது. தடுப்பைத் தாண்டினதும் யார் பணக்காரி, யார் ஏழை, யார் நாட்டுப்புறம், யார் நகரம் என்பதற்கான அடையாளம் எல்லாம் லாக்கரில் போய்விடுகிறது. காதலனுடைய கடிதமும் படமும் அங்கேயே. அவளுக்கு எட்டு மணி நேரம் அதைப் பார்க்க முடியாது, கையில் இருப்பது சிட்டிகையளவு மருந்தும் ஒரு சின்ன உலோகக் குப்பியும்தான், கவனம் சிதறினால் விரல் போகும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் பேசலாம், ஆனால் ரொம்பவும் பேசக்கூடாது. இப்படி மாதக்கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ஒருத்தி மற்றவளுடைய காதலன் எழுதிய கடிதம் வரிக்கு வரி மனப்பாடமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வெடிவிபத்து: ஸ்கார்பரோ ஆலையில் அப்படிப் பெரிய வெடிவிபத்து எதுவும் நடக்கவில்லை, பாதுகாப்பில் பேர் வாங்கிய ஆலை அது. வெடித்தே ஆகவேண்டும் என்றால் முதல் உலகப் போர்ப் பிரிட்டனுக்குப் போங்கள். லீட்ஸ் பக்கம் பார்ன்போவில் 1916 டிசம்பரில் 35 பெண்கள் செத்தார்கள், 1918 ஜூலையில் சில்வெல்லில் 134 பேர். ஆனால் உங்கள் கதைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று பெண்களின் பிரச்சினையைத் தீர்க்கத் தெரியாத எழுத்தாளர்தான் கூரையைப் பறக்க விடுவார்.

வடலி:

பூனையார் தந்தியை விட்டுவிட்டார், நான் பிடித்துக்கொள்கிறேன். கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

தங்கச்சி, அந்தத் தந்தி அவளுக்கு வராது. ஆலைக்கும் வராது. படையில் சேரும்போது நெருங்கிய உறவு யார் என்று எழுதிக் கொடுக்கவேண்டும், கல்யாணமானவன் மனைவி பெயரை எழுதுவான், ஆகாதவன் அம்மா அல்லது அப்பா பெயரை. தந்தி அந்த விலாசத்துக்குத்தான் போகும். காதலி கணக்கிலேயே இல்லை. நிச்சயம் செய்தவளாக இருந்தாலும் அரசாங்கத்துக்கு அவள் யாரோ.

இப்போது 1942 ஆகஸ்ட் 19ஐ எடுத்துக்கொள்ளுங்கள், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சின் டியெப் கரையில் கனடியப் படை இறங்கிய நாள். போனவர்கள் ஏறக்குறைய 5,000 கனடியர்கள், ஒரே நாளில் 900க்கு மேற்பட்டவர்கள் சாவு, 1,900க்கு மேல் சிறைபிடிப்பு. டொரொண்டோப் பெடியள் நிறைந்த ராயல் ரெஜிமென்ட் அதில் பூயி என்ற இடத்துக் கரையில் கிட்டத்தட்ட அழிந்தே போனது. அதற்கப்புறம் வந்த நாட்களில் நகரத்தில் எத்தனை வீட்டுக் கதவுகளைத் தந்திக்காரன் தட்டியிருப்பான் என்று யோசியுங்கள், பத்திரிகையில் பெயர்ப் பட்டியல் வேறு. உங்கள் பெண் ஷிஃப்ட் முடிந்து வந்து அவனுடைய தாயின் வீட்டு வாசலில் நிற்கவேண்டும், அந்தத் தாய்க்கு இவளைப் பிடிக்காமலும் இருக்கலாம், கதவைத் திறந்து சொல்வாளா மாட்டாளா என்பதே ஒரு அத்தியாயம். அல்லது யாருமே சொல்லாமல் அவள் எழுதின கடிதங்கள் திரும்பி வரும். பட்டியலில் பெயர் தேடுவது என்றால் என்னவென்று எங்கட ஆட்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, அதனால் இந்தக் கட்டத்தை நீங்கள் நீட்டி எழுதத் தேவையில்லை, நாலு வரி போதும்.

காணவில்லை என்றும் ஒரு தந்தி இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். செத்தானா பிடிபட்டானா என்று தெரியாமல் அவள் மறுநாள் வேலைக்குப் போகத்தான் வேண்டும். மருந்து நிரப்பும் மேசையில் கை நடுங்கக் கூடாது. பக்கத்திலிருக்கிற தோழி என்ன செய்வாள்? மேற்பார்வையாளரிடம் சொன்னால் அவளை வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள், இருவரும் பிரிவார்கள். சொல்லாவிட்டால் ஆபத்து. உங்கள் சிநேகிதக் கதை அங்கேயே நடந்துவிடுகிறது, வெடி எதற்கு.

மாலைப்பேனா:

வடலி அண்ணா, இது போதும், நான் பழைய திட்டத்தை அப்படியே தூக்கிப் போடுகிறேன். "காதலி கணக்கிலேயே இல்லை" என்பதைக் குறிப்பேட்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த கேள்வி. சஸ்காச்சுவான் பெண்ணுக்கும் ஒரு காதல் வைக்க நினைக்கிறேன், ஆனால் இன்னொரு சிப்பாய் வேண்டாம். ஆலையிலேயே வேலை செய்கிற ஓர் இத்தாலியப் பையன் என்று யோசித்தேன். அல்லது, இது எனக்குச் சரியாக எழுத வருமா என்று தெரியவில்லை, அவள் அந்த நகரத்துப் பெண்ணையே விரும்புகிறாள் என்று வைத்தால்? அந்தக் காலத்துக்கு அது பொருந்துமா, அல்லது இன்றைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதுகிறேனா?

தபால்பெட்டி:

இரண்டுமே பொருந்தும். இத்தாலியப் பையன் என்றால் 1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் குதித்த நாளை அவன் வீட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கனடா முழுக்க ஏறத்தாழ 31,000 இத்தாலியர்களை எதிரி நாட்டார் என்று பதிவு செய்தார்கள், சுமார் 600 பேரைப் பிடித்து முகாமில் போட்டார்கள், பெரும்பாலும் பெடவாவா முகாமில். அப்பாவோ சித்தப்பாவோ முகாமில் இருக்கிற பையனை வெடிமருந்து ஆலைக்குள் விடுவார்களா என்பது உங்கள் முதல் சிக்கல், வேறு ஆலைக்கோ தெருமுனை பேக்கரிக்கோ மாற்றிவிடுவது நல்லது. ஆனால் உண்மையைச் சொன்னால் இந்தக் காதலை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. பொருந்துமா என்றால், இதைவிடப் பொருத்தமான காலம் அதற்கு முன்னால் அமைந்ததில்லை என்றே சொல்வேன். பிறந்த ஊரையும் குடும்பத்தையும் தேவாலயத்துப் பெரியவர்களையும் விட்டு ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் முதன்முறையாகத் தனியே நகரத்துக்கு வந்தார்கள். கையில் சொந்தச் சம்பளம். வீட்டுவேலைக்காரியாகவோ கடையிலோ வாங்கியதைவிட நல்ல சம்பளம், ஆண்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு என்பது வேறு விஷயம். தங்க இடம் கிடையாது, ஊர் நிரம்பி வழிகிறது, ஆகவே இரண்டு பெண்கள் ஓர் அறையை, சில சமயம் ஒரே கட்டிலைப் பகிர்ந்துகொண்டால் வீட்டுக்காரம்மாவுக்கு அதில் எந்தச் சந்தேகமும் வராது, சொல்லப்போனால் ஆண்களைக் கூட்டிவராத நல்ல பெண்கள் என்று மெச்சிக்கொள்வாள். ஏஜாக்ஸில் இருந்த இன்னொரு பெரிய ஆலையில், அந்த ஊரே ஆலைக்காக உண்டானது, தனியாக வந்த பெண்களுக்கென்று விடுதிகளே கட்டினார்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை ஒரு வேடிக்கை. ஆண்களுக்கு இடையிலான உறவு குற்றம், சிறை. பெண்களைப் பற்றி அப்போதைய கனடியச் சட்டம் வாயே திறக்கவில்லை, 1950களின் நடுவில் சட்டத்தைத் திருத்தியபோதுதான் அந்தப் பிரிவைப் பெண்களுக்கும் பொருந்தும்படி மாற்றினார்கள். அதனால் உங்கள் பெண் போலீசுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அவள் பயப்படுவது வேலை போய்விடுமோ, ஊருக்குக் கடிதம் போய்விடுமோ, எல்லாவற்றுக்கும் மேலாகத் தோழி முகத்தைத் திருப்பிக்கொள்வாளோ என்பதற்குத்தான். சட்டம் கண்டுகொள்ளாததாலேயே தன்னைப்போல வேறு யாராவது உலகத்தில் இருக்கிறார்களா என்பதும் அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். சஸ்காச்சுவான் பண்ணையில் இதைப் பற்றி யார் சொல்லியிருப்பார்கள்?

வடலி சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். சிப்பாயின் காதலி கணக்கில் இல்லை. அந்தக் காதலியைக் காதலிக்கிறவள் கணக்குப் புத்தகத்துக்கே வெளியே. அவன் செத்த செய்தி வருகிறபோது இவள் மனதில் துக்கம் மட்டுமா இருக்கும்? ஒரு கணம் வேறு ஒன்றும் எட்டிப்பார்க்கும், உடனே அதற்காகத் தன்னையே அவள் வெறுப்பாள். அந்த ஒரு கணத்தை எழுத முடிந்தால் எழுதுங்கள். தயவுசெய்து கடைசியில் அவளைச் சாகடிக்காதீர்கள், அல்லது ஒரு நல்ல பையனுக்குக் கட்டிவைக்காதீர்கள், இரண்டும் தேய்ந்துபோன வழி.

ஷிஃப்ட்காரி:

எனக்குப் போர் வரலாறு ஒன்றும் தெரியாது, ஆனால் நான் பல வருஷம் பெண்கள் மட்டுமே உட்காருகிற அசெம்பிளி வரிசையில் இரவு ஷிஃப்ட் பார்த்தவள், அதனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மேலே எல்லோரும் காதலைப் பற்றியே பேசுகிறீர்கள், ஷிஃப்டைப் பற்றி யாரும் பேசவில்லை. மூன்று ஷிஃப்ட் ஆலை என்றால் உங்கள் மூன்று பெண்களும் ஒரே ஷிஃப்டில் இருக்கிறார்களா? இருந்தால் மட்டும்தான் சிநேகிதம். ஒருத்தியை வேறு ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டால் அவள் வேறு நாட்டுக்குப் போன மாதிரி, ஒரே அறையில் குடியிருந்தாலும் ஒருத்தி எழும்பும்போது மற்றவள் படுப்பாள். தலையணையில் அவள் தலைச்சூடு இருக்கும், ஆள் இருக்கமாட்டாள். தபால்பெட்டி சொன்ன ஒரே கட்டில் விஷயம் அப்படித்தான் பாதி நாள் இருந்திருக்கும், ரொம்பவும் காதலாகக் கற்பனை செய்யாதீர்கள் :)

இன்னொன்று, பெண்கள் சேர்ந்து இருந்தால் எல்லாம் பாசம் என்று எழுதாதீர்கள். யார் வேகம், யாரால் வரிசை தாமதம், யார் மேற்பார்வையாளருக்குச் செல்லம், யார் கழிவறையில் அதிக நேரம் இருக்கிறாள், இதெல்லாம் இல்லாத ஆலை கிடையாது. எனக்கு ஒருத்தியோடு மாதக்கணக்கில் பேச்சே இல்லை, பக்கத்து இருக்கை, காரணம் ஒரு கத்தரிக்கோல். ஆனால் எனக்கு ஒருநாள் உடம்புக்கு முடியாமல் வேலை தேங்கியபோது ஒரு வார்த்தை சொல்லாமல் என் பங்கையும் அவள்தான் செய்து தள்ளிவிட்டாள், அதற்கப்புறமும் பேசவில்லை. அந்த மாதிரி ஒருத்தி உங்கள் கதையில் வேண்டும்.

அந்த இரண்டு பிள்ளைக்காரி பாவம், அவளை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள்?

நூலகப்பூனை:

ஷிஃப்ட்காரி அக்கா கேட்டது சரியான கேள்வி. பிள்ளைக்காரி ஆலைக்குள் வந்த விதமே அரசாங்கத்தின் அவசரத்தைக் காட்டும். 1942 செப்டம்பரில் முதலில் பதிவு செய்யச் சொன்னது 20 முதல் 24 வயதுப் பெண்களை, குறி வைத்தது கல்யாணமாகாதவர்களை. அவர்கள் போதவில்லை என்றதும் பிள்ளையில்லாத மனைவிகள், அதுவும் போதாமல் கடைசியில் அம்மாக்களைப் பகுதிநேர வேலைக்காவது வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். 1942இல் வருமான வரி விதியைக்கூட மாற்றினார்கள், மனைவி எவ்வளவு சம்பாதித்தாலும் கணவனுக்கு உள்ள வரிச்சலுகை போகாது என்று. அதே ஆண்டு மத்திய அரசும் மாகாணமும் செலவைப் பங்கிட்டுப் பகல்நேரக் குழந்தைக் காப்பகங்கள் திறக்க ஏற்பாடு செய்தார்கள், ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும்தான் அவை நடந்தன. ஆனால் காப்பகம் பகலுக்கு மட்டும். இரவு ஷிஃப்டுக்கு அம்மாவோ மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரியோதான், அல்லது, இங்கே உங்கள் கதை வருகிறது, வேறு ஷிஃப்டில் இருக்கிற தோழி.

கணவன் விஷயம். கனடாவின் முதல் படைப்பிரிவு 1939 டிசம்பரில் இங்கிலாந்து போய் இறங்கியது, அதில் பலர் 1943 ஜூலையில் சிசிலிக்குப் போகும்வரை பெரிய சண்டை எதையும் பார்க்கவில்லை. மூன்றரை வருஷம் இங்கிலாந்து முகாமில் சும்மா. கனடியச் சிப்பாய்களுக்கும் பிரிட்டிஷ் பெண்களுக்கும் கல்யாணம் 1940 தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது, போர் முடிந்தபோது வெளிநாட்டில் கட்டிய மனைவிகள் 40,000க்கு மேல். கட்டாமல் பழகியவர்களுக்குக் கணக்கில்லை, ஏற்கனவே கல்யாணமானவர்களும் அதில் இருந்திருப்பார்கள். பிள்ளைக்காரிக்கு வருகிற கடிதங்கள் மெல்ல மெல்லச் சின்னதாகிக்கொண்டே போகட்டும், அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம். விவாகரத்து என்றால் அப்போது ஒன்டாரியோவில் கள்ள உறவை நிரூபித்தாக வேண்டும், கடல் தாண்டி எப்படி நிரூபிப்பாள்? அவளுக்கே இங்கே யாரோடாவது ஏதாவது ஏற்பட்டால், கருத்தடைச் சாதனம் விற்பதும் விளம்பரப்படுத்துவதும் 1969 வரை குற்றவியல் சட்டத்தில் இருந்தது என்பதையும் மனதில் வையுங்கள். பெண்கள் ஒருத்திக்கொருத்தி காதோடு சொல்லிக்கொண்ட தகவல்தான் அவர்களுடைய ஒரே வைத்திய நூல்.

எல்லாக் காதலும் சோகம் இல்லை என்பதற்கு ஓர் உண்மைக் கதை இருக்கிறது. ஒன்டாரியோவின் ஃபோர்ட் வில்லியமில் ஹரிகேன் போர்விமானம் கட்டிய ஆலையின் தலைமைப் பொறியாளர் எல்சி மக்கில், போலியோவால் கால் பாதிக்கப்பட்டுக் கைத்தடியோடு நடந்தவர். விமானப் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண். அங்கே அவர் காலத்தில் 1,400க்கு மேற்பட்ட ஹரிகேன்கள் கட்டினார்கள், வேலையாட்களில் பெண்கள் ஏராளம். அவரும் அதே ஆலையின் நிர்வாகி பில் சோல்ஸ்பியும் 1943இல் ஆலையை விட்டு வெளியேறினார்கள், அதே ஆண்டு கல்யாணமும் செய்துகொண்டார்கள். பிற்காலத்தில் பெண்கள் நிலை பற்றிய அரச ஆணையத்தில் உறுப்பினராக இருந்தவரும் இவர்தான். பின்னணியில் ஒரு வதந்தியாக இதை நுழைக்கலாம், கான்டீனில் பேச நல்ல தீனி.

வடலி:

போர் முடிந்ததையும் எழுதுவீர்கள்தானே? பலபேர் வெற்றி ஊர்வலத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 1944இல் கனடாவில் வேலைக்குப் போன பெண்கள் 10 லட்சத்துக்கு மேல். 1945இல் ஆலை மூடுகிறது, கையில் கடைசிச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் குடும்ப உதவித்தொகை தொடங்குகிறது, பிள்ளை கணக்குக்கு மாதாமாதம் அம்மா பெயரில் காசோலை, வேலைக்குப் போகவேண்டாம் வீட்டில் இரு என்று யாரும் நேரே சொல்லவில்லை, ஆனால் எல்லாம் அதே திசையில்தான். 1946இல் காப்பகத்துக்கு மத்திய அரசு கொடுத்த பணம் நின்றது, 1947இல் அந்த வரிச்சலுகையும் போய்விட்டது. ஒன்டாரியோவில் அம்மாக்கள் காப்பகத்தை மூடக்கூடாது என்று சத்தம் போட்டதால் மாகாணம் ஒரு சட்டம் கொண்டுவந்து சிலதைக் காப்பாற்றியது. உங்கள் பிள்ளைக்காரியை அந்தக் கூட்டத்தில் ஒரு மூலையில் நிறுத்துங்கள், கையில் பிள்ளையோடு. ஆலையில் பேசப் பழகின வாய் அங்கே திறக்கட்டும்.

அந்த ஆலைக் கட்டடங்களில் சிலவற்றைப் போருக்குப் பிறகு வீடில்லாத குடும்பங்களுக்குத் தற்காலிகக் குடியிருப்பாக விட்டார்கள். வேலை செய்த அறையிலேயே ஒருத்தி குடித்தனம் வைக்க வந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதிவிடுவேன், சொல்லிவிட்டேன்.

மாலைப்பேனா:

அதை நானே எழுதிவிடுகிறேன் அண்ணா, கொஞ்சம் பொறுங்கள்! இனி சஸ்காச்சுவான் பெண்ணுக்கு இத்தாலியப் பையன் இல்லை. ஷிஃப்ட்காரி அக்கா சொன்ன அந்தப் பேசாத பக்கத்து இருக்கைக்காரியை நான்காவது பாத்திரமாகச் சேர்க்கிறேன், கத்தரிக்கோலுக்குப் பதில் வேறு ஏதாவது போட்டுக்கொள்கிறேன், உள்ளே உலோகம் கூடாதே.

கடைசியாக ஒன்று. இரண்டு பெண்களும் ஆலைக்கு வெளியே சேர்ந்து எங்கே போவார்கள்? நடன அரங்கம், பார் மாதிரி?

தபால்பெட்டி:

நடனம் என்றால் ஏரிக்கரையில் பாலே ரோயால் என்ற நடன அரங்கம், சனிக்கிழமை இரவு இசைக்குழுவோடு. ஆண்கள் குறைவாக இருந்த காலம், பெண்கள் ஜோடியாக ஆடினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், உங்களுக்கு அது வசதி. பியர் குடிக்க என்றால் ஒன்டாரியோ விடுதிகளில் ஆண்களுக்குத் தனிக் கூடம், "பெண்களும் துணைவரும்" என்று எழுதிய தனி வாசல் பெண்களுக்கு. அந்த வாசல் வழியாக இரண்டு பெண்கள் சேர்ந்து போய் உட்காரலாம், தனியாக ஆண் யாரும் அங்கே வந்து தொல்லை கொடுக்க முடியாது. சட்டம் போட்டவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

வீடு திரும்பும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். 1942 ஏப்ரலிலிருந்து பெட்ரோல் ரேஷன், கார் இருந்தாலும் ஓடாது. டிராம் டான்ஃபோர்த் தெருவின் கிழக்குக் கோடியோடு நின்றுவிடும், ஆலைக்கு அதற்கப்புறம் பஸ்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எதையும் திட்டமிடாதீர்கள். அந்தக் கால டொரொண்டோவில் ஞாயிறு சினிமா கிடையாது, விளையாட்டு கிடையாது, ஈட்டன் என்ற பெரிய பல்பொருள் கடைக்காரர்கள் கண்ணாடி ஜன்னலுக்குக்கூடத் திரை போட்டு மூடிவிடுவார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து ஞாயிறு காலை வெளியே வருகிறவர்களுக்குப் போக்கிடம் தேவாலயம் அல்லது ஏரிக்கரை. இந்த இரண்டு பேரையும் ஏரிக்கரைக்கே அனுப்புங்கள், தேவாலயத்தில் முதல் பாட்டிலேயே தூங்கிவிடுவார்கள்.